கையூட்டின் வேர் எங்கே?
தங்க வயலிலிருந்து ஒரு பார்வை

கன்னட நாட்டில் வாழும் நம்மவர்க்கு 'நாளே பா' என்னும் கதை தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில், இரவில் ஒரு பேய் வீடு வீடாக வந்து, வீட்டாருக்கு வேண்டியவரின் குரலில் கதவைத் தட்டுகிறது என்று ஒரு வதந்தி பரவியது. அதை ஏமாற்றக் கதவில் 'நாளை வா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாளும் வரும், மறுபடியும் படிக்கும், திரும்பிப் போகும்.

பல ஆண்டுகள் கழித்து, கோலார் தங்க வயலைச் சேர்ந்த என் அன்னையாருடன் ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் நின்றபோது எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. பேயை விரட்ட எழுதிய அதே இரண்டு சொற்களை அங்கே மனிதர்களை விரட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் தந்தையார் சுரங்கத்தில் உழைத்தவர். அவர் காலமான பின், குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அவர் பெயர் பணிப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், ரேஷன் அட்டையில் கன்னடத்தில் வேறு விதமாகவும் இருந்தது. முனுசாமி என்பவர் மூன்சாமி ஆவதும், முனிஸ்வாமி ஆவதும் தங்க வயலில் புதிதன்று. இருவரும் ஒருவரே என்று ஒரு தாளில் ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும் வேண்டும். அவ்வளவுதான். நான்கு முறை போனோம். நான்கு முறையும் 'நாளே பா'. ஐந்தாம் முறை, வாசலில் டீக்கடை ஓரம் நின்றிருந்த ஒருவர், "ஐந்நூறு ரூபாய் கொடுங்க சார், அம்மாவை எதுக்கு அலைய விடறீங்க?" என்றார். கொடுத்தேன். மூன்றாம் நாள் தாள் கைக்கு வந்தது.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊழலைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தவன் முதலில் தன் கையைக் காட்டிவிடுவது நல்லது என்பதால் எழுதினேன். அந்த ஐந்நூறு ரூபாய் எங்கிருந்து எங்கே போயிற்று, ஏன் அது தேவைப்பட்டது என்று பின்னர் பலகாலம் யோசித்தேன். அந்த யோசனையே இக்கட்டுரை.

நம் இரத்தத்தில் ஊறியதா?

ஊழல் என்றதும் நம்மில் பலர், "நம்ம ஜனங்களே இப்படித்தான். வெள்ளைக்காரன் நாட்டில் இப்படி உண்டா?" என்று கேட்போம். வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பேச்சு நிற்காது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவு. ஆனால் அவர்கள் பெருஞ்செல்வராகி இங்கிலாந்து திரும்பினார்கள். ஆற்காடு நவாப் முகமது அலிக்கு அவர்களே வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனுக்கு ஈடாகத் தமிழ்நாட்டு உழவரின் வரிப்பணம் போயிற்று. 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இந்த ஆற்காட்டுக் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை புகழ் பெற்றது. பின்னர் வந்த காரன்வாலிஸ் பிரபு ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்தி, சொந்த வியாபாரத்தைத் தடுத்தார். இங்கிலாந்திலேயே அரசுப் பதவிகளுக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது 1854இல்தான். அமெரிக்காவில் கட்சிக்காரர்களுக்குப் பதவியை வாரி வழங்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது 1883இல்.

ஆசியாவிலும் அப்படியே. 1973இல் ஹாங்காங்கில் பீட்டர் காட்பர் என்னும் உயர் போலீஸ் அதிகாரி, தம் வருமானத்துக்குப் பொருந்தாத செல்வம் பற்றிய விசாரணையின்போதே விமானமேறித் தப்பிவிட்டார். அவர் ஆங்கிலேயர். மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1974இல் ஊழலுக்கு எதிரான தனி ஆணையம் அங்கே அமைந்தது. சில ஆண்டுகளில் ஊரின் நடைமுறையே மாறிற்று. அதே மக்கள்தான், அதே இரத்தந்தான். மாறியது ஏற்பாடு.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எந்த ஏற்பாட்டில் ஊழல் வளர்கிறது? இதற்கு விடை தேட நான் நூலகத்துக்குப் போகுமுன், பிறந்த ஊரையே நினைத்துப் பார்க்கிறேன். தங்க வயலில் ஊழலின் வேர்களில் பெரும்பாலானவற்றைக் காணலாம்.

முதல் வேர்: அந்நியமான அதிகாரம்

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்க வயலுக்கு வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நம்மவர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள், பஞ்சத்துக்கும் பண்ணையார்களுக்கும் தப்பி வந்து சேர்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. சுரங்கத்துக்கு வந்த அந்த வெளிச்சம் தொழிலாளியின் லைன் வீட்டுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று.

ஷிப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளியை உடம்பு முழுக்கச் சோதித்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். தங்கக் கல் ஒருவன் கையில் இருந்தால், அது தன்னிடம் எப்படி வந்தது என்று அவனே நிரூபிக்க வேண்டும் என்ற வகையில் சட்டங்கள் இருந்தன. 1930இல் எல்லாத் தொழிலாளரிடமும் கைரேகை எடுத்துப் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டபோது, ஏறத்தாழ மூன்று வாரம் வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டு நடந்ததன்று அது. "எங்களைத் திருடராக எண்ணாதே" என்று நடந்தது.

இதில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தங்கத் திருட்டு இருந்தது. மேஸ்திரி முதல் காவல்காரர் வரை பங்கு போனதைப் பற்றி எங்கள் ஊரில் பெரியவர்கள் திண்ணையில் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேச்சில் குற்ற உணர்வு குறைவு. "அது கம்பெனிக்காரனுது. நம்ம மண்ணு, நம்ம மூச்சு. அவன் எடுத்துக்கிட்டுப் போறான்" என்பார்கள். நுரையீரலில் கல்தூசி படிந்து சாகும் நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1934இல் கோலார் சுரங்கத்தில்தான் என்பதை நினைத்தால், அந்தப் பேச்சின் கசப்பு புரியும்.

இதுதான் முதல் வேர். அரசோ கம்பெனியோ தன்னுடையது அன்று, அந்நியருடையது என்று மக்கள் எண்ணினால், அதிலிருந்து எடுப்பது திருட்டாகத் தோன்றாது, சாமர்த்தியமாகத் தோன்றும். வளரும் நாடுகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் அந்நியர் ஆட்சியில் இருந்தவை. ஆட்சி கைமாறியது. அலுவலகத்தின் மேசையும், மேசைக்கு இந்தப்பக்கம் நிற்பவரைச் சந்தேகிக்கும் பார்வையும் அப்படியே இருந்துவிட்டன. மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தவரும், இந்தப்பக்கம் நிற்பவரும், 'சர்க்கார் பணம்' யாருக்கும் சொந்தமில்லாதது என்றே எண்ணப் பழகினார்கள்.

இரண்டாம் வேர்: ஒரு பொருளுக்கு இரண்டு விலை

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. மத்திய அரசு எடுத்துக்கொண்ட கோலார் தங்கத்துக்குப் பல ஆண்டுகள் பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் அதிகாரப்பூர்வ விலையே கணக்கிடப்பட்டது. அவுன்சுக்கு 35 டாலர். 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பின், 10 கிராமுக்கு ஏறத்தாழ 84 ரூபாய். 1970 வாக்கில் பம்பாய்ச் சந்தையிலும் சென்னைச் சந்தையிலும் தங்கம் ஏறத்தாழ அதைப்போல இரு மடங்கு விலை போயிற்று. சுரங்கத்தின் கணக்கில் நட்டம். கடைத்தெருவில் கொள்ளை லாபம்!

இதே காலத்தில் வந்தது தங்கக் கட்டுப்பாடு. சீனப் போருக்குப் பின், 1963 சனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் காலத்தில் அது பிறந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யக் கூடாது என்றார்கள். தாலியும் 14 காரட்டா என்று தாய்மார்கள் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. காரட் விதி 1966இல் நீங்கினாலும், 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிலைபெற்றது. வியாபாரிக்கு உரிமம், கட்டித் தங்கம் வைத்திருக்கத் தடை, எதற்கும் கணக்கு, எதற்கும் ஆய்வாளர்.

விளைவு என்ன? மக்கள் தங்கம் வாங்குவதை விடவில்லை. துபாயிலிருந்து படகில் தங்கம் வந்தது. படகு கரையில் ஒதுங்க ஒருவருக்குப் பங்கு, சோதனைச் சாவடியைக் கடக்க ஒருவருக்குப் பங்கு, கடையின் கணக்குப் புத்தகத்தைப் பாராதிருக்க ஒருவருக்குப் பங்கு. ஒரு சட்டம் பல்லாயிரம் சாதாரண மனிதர்களைக் குற்றவாளிகளாகவும், பல அதிகாரிகளைச் செல்வந்தர்களாகவும் ஆக்கிற்று. 1990இல் அச்சட்டம் நீக்கப்பட்டது, இறக்குமதியும் தளர்த்தப்பட்டது, கடத்தல் குறைந்தது. 2013இல் இறக்குமதி வரியை 10 சதவீதமாக உயர்த்தியபோது கடத்தல் மீண்டும் தலைதூக்கியது. மனிதர் நல்லவராகியும் கெட்டவராகியும் வந்ததால் நிகழ்ந்தவையா இவை? இரண்டு விலைகளுக்கு இடையே இருந்த பள்ளம் ஆழமாயிற்று, மேடாயிற்று, மீண்டும் ஆழமாயிற்று. அவ்வளவே.

ரேஷன் அரிசியானாலும், மானிய மண்ணெண்ணெயானாலும் இதே கதைதான். இதற்காக ஏழைக்கு மலிவு அரிசி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தங்க வயலில் பல வீட்டு அடுப்பு அதனால்தான் எரிந்தது. ஆனால் இரண்டு விலை இருக்கும் இடத்தில் காவல் இரு மடங்கு வேண்டும் என்பதை மறக்கலாகாது.

மூன்றாம் வேர்: தாமதம் என்னும் முதலீடு

என் ஐந்நூறு ரூபாய்க்கு வருவோம். நான் சட்ட விரோதமாக எதுவும் கேட்கவில்லை. எனக்கு உரியதைத்தான் கேட்டேன். அதற்கு ஏன் பணம்?

1962இல் மத்திய அரசு, தஞ்சை மாவட்டத்தவரான கே. சந்தானம் அவர்களின் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு ஒன்றை அமைத்தது. 1964இல் வந்த அதன் அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. இலஞ்சம் கொடுப்பவர்களில் பலர் முறைகேடான எதையும் கேட்பதில்லை. கோப்பு வேகமாக நகர வேண்டும் என்பதற்காகவே கொடுக்கிறார்கள் என்று அது 'வேகப் பணத்தை'ச் சுட்டிக் காட்டியது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964இல் பிறந்தது அக்குழுவின் பரிந்துரையால்தான்.

வேகப் பணத்தால் நன்மையும் உண்டு, துருப்பிடித்த எந்திரத்துக்கு அது எண்ணெய் போன்றது என்று வாதிட்ட மேல்நாட்டு அறிஞர்களும் இருந்தார்கள். 1968இல் ஆசிய நாடுகளின் வறுமையைப் பற்றிப் பெருநூல் எழுதிய சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் மிர்தால் இதை மறுத்தார். எண்ணெய்க்குக் காசு கிடைக்கும் என்று தெரிந்தால், எந்திரத்தைத் துருப்பிடிக்க வைப்பதே தொழிலாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதிகாரி வேண்டுமென்றே தாமதிப்பார். புதுப் புது விதிகளைக் கண்டுபிடிப்பார். தாமதமே அவருடைய முதலீடு.

ராபர்ட் கிளிட்கார்டு என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார். ஏகபோகத்தோடு தன் விருப்புரிமையைக் கூட்டு, பதில் சொல்லும் பொறுப்பைக் கழி, கிடைப்பது ஊழல். அன்று நாங்கள் நின்ற வாசலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த முத்திரை வேறெங்கும் கிடைக்காது: ஏகபோகம். எந்தச் சான்று போதும், எது போதாது என்று முடிவு செய்வது அவர் விருப்பம். ஏன் தாமதம் என்று அவரைக் கேட்பார் இல்லை. ஐந்நூறு ரூபாய் என்பது அக்கணக்கின் விடை.

நான்காம் வேர்: விலைக்கு வாங்கிய நாற்காலி

மேசைக்குப் பின்னால் இருந்தவரை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் நியாயமன்று. இராபர்ட் வேட் என்ற அறிஞர் தென்னிந்தியாவின் கால்வாய்ப் பாசனத் துறையை ஆராய்ந்து 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல வருமானம் தரும் இடங்களுக்கு மாற்றல் பெறப் பொறியாளர்கள் மேலே பணம் கட்டுகிறார்கள்; அந்தப் பணத்தை ஒப்பந்தக்காரரிடமும் உழவரிடமும் வசூலிக்கிறார்கள்; மேலே போன பணத்தில் ஒரு பகுதி அரசியல்வாதியின் தேர்தல் செலவுக்குப் போகிறது என்று அவர் எழுதினார். கீழே உழவன் கொடுக்கும் நூறு ரூபாயும், மேலே மாற்றல் உத்தரவில் விழும் கையெழுத்தும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். கட்ட மறுக்கும் நேர்மையாளர் தொலைதூர ஊருக்கு மாற்றப்படுவார். ஆகவே சம்பளத்தை உயர்த்துவது மட்டும் மருந்தாகாது. நாற்காலியையே விலைக்கு வாங்கியவர், சம்பளத்தைக் கொண்டு அந்தக் கடனை அடைக்க முடியாது.

ஐந்தாம் வேர்: மொழியும் இடைத்தரகரும்

இது நம் சங்கத்து அன்பர்களுக்கு நன்கு தெரிந்த வேர். தங்க வயலில் வீட்டில் தமிழ். சுரங்கத்தின் தாள்களில் ஆங்கிலம். அரசு அலுவலகத்தில் கன்னடம். மாநிலத்தின் மொழியில் அலுவலகம் நடப்பதில் தவறில்லை. அதைக் கற்பது நம் கடமையும்கூட. ஆனால் மண்ணுக்கடியில் வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் அந்த விண்ணப்பம் ஒரு மதில் சுவர். சுவர் இருந்தால் ஏணி விற்பவன் வருவான். அவன்தான் டீக்கடை ஓரம் நின்றவன். அவனுக்கு மூன்று மொழியும் தெரியும். யாருடைய மேசையில் தாள் இருக்கிறது என்றும் தெரியும்.

இடைத்தரகனை வில்லனாக மட்டும் எண்ண வேண்டாம். 2001 மார்ச்சில் சுரங்கம் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த ஊரில் வேறு தொழில் அதிகம் இல்லை. விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் ஒரு பக்கம். மூன்று மொழியை மூலதனமாக வைத்துத் தரகரானவர்கள் இன்னொரு பக்கம். வறுமையும் வேலையின்மையும் ஊழலுக்கு ஆள் சேர்த்துத் தருகின்றன.

பூமிக்கடியில் இருக்கும் செல்வம்

சிறு ஊழலைப் பார்த்தோம். பெரும் ஊழல் வேறு அளவு. நம் மாநிலத்தின் பல்லாரியில், சீனாவில் இரும்புத் தாதின் விலை ஏறியபோது நடந்ததை நாடறியும். 2010இல், பறிமுதல் செய்து பெலகேரித் துறைமுகத்தில் வைத்திருந்த தாதிலேயே இலட்சக்கணக்கான டன் மாயமாயிற்று. 2011 சூலையில் லோக் ஆயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டேயின் அறிக்கை வெளிவந்தது. அடுத்த சில நாட்களில் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். நிலத்துக்கடியில் இருக்கும் செல்வம் யார் கண்ணிலும் படாதது. தோண்டும் உரிமையை ஒரு கையெழுத்து கொடுக்கிறது. அந்தக் கையெழுத்தின் மதிப்பு கோடிகளில் இருந்தால் சபலமும் அந்த அளவில் இருக்கும்.

ஆனால் இதுவும் தலைவிதி அன்று. ஆப்பிரிக்காவில் ஸையர் நாட்டில் செம்பும் வைரமும் கொட்டிக் கிடந்தன. 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு நாட்டையே தம் பணப்பையாக்கினார். அதே கண்டத்தில் போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது மிக ஏழை நாடு. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. அந்தப் பணம் பெரும்பாலும் அரசுக் கணக்கில் வந்து, சாலையாகவும் பள்ளியாகவும் மாறியது. பிழைகள் அங்கும் உண்டு. ஆயினும் ஊழல் குறைந்த ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்றாகவே அது பேசப்படுகிறது.

கொடுப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். பணக்கார நாடுகளின் கம்பெனிகள் ஏழை நாடுகளின் அமைச்சர்களுக்குக் கொடுத்தது சிறிதன்று. அதைக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1977இல் கொண்டு வந்தது. ஜெர்மனியிலோ, வெளிநாட்டில் கொடுத்த இலஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளும் வசதி 1999 வரை இருந்தது! வளரும் நாடுகளுக்கு நேர்மையைப் போதிப்போர் இதையும் நினைவில் வைத்தல் நலம்.

மருந்து உண்டா?

உண்டு, ஆனால் ஒரே வேளையில் குணமாக்கும் மருந்து இல்லை. வேர்களைக் கண்டோம் என்றால் மருந்தும் அங்கேதான்.

தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, 1997இல். கர்நாடகம் 2000இல் இயற்றியது. இராசத்தானத்தில் எளிய கிராமத்து மக்கள், கூலிப் பதிவேட்டை ஊர்ப் பொதுவில் உரக்கப் படித்துக் காட்டக் கேட்டுப் போராடினார்கள். அப்போராட்டங்களின் விளைவாக 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில், 'என் கோப்பு எந்த மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது?' என்று எவரும் கேட்கலாம். கிளிட்கார்டின் கணக்கில் குறைந்திருந்த 'பதில் சொல்லும் பொறுப்பு' இதுதான்.

கர்நாடகத்தில் 'பூமி' திட்டத்தில் நிலப் பதிவேடுகள் கணினிக்கு ஏறின. கிராமக் கணக்கரின் ஏகபோகம் தளர்ந்தது. 2011இல் வந்த 'சகாலா' சட்டம், இன்ன சான்றிதழ் இத்தனை நாளில் தர வேண்டும், தவறினால் அதிகாரி ஈடு தர வேண்டும் என்றது. தாமதத்தை முதலீடாக வைத்திருந்தவருக்கு அது ஓர் அடி. 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளில் புகார் செய்தால் காப்பு உண்டு.

இவற்றால் எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. கணினிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். காவல் நிறுவனங்களே ஆட்சியாளர் விருப்பத்துக்கு ஆடுவதும் உண்டு. கர்நாடகத்தில் 2016இல் லோக் ஆயுக்தாவின் போலீஸ் அதிகாரத்தைப் பறித்துத் தனி அமைப்பு ஒன்றை அரசு தோற்றுவித்தது. 2022இல் உயர்நீதிமன்றம் அதைக் கலைத்து, அதிகாரத்தைத் திரும்பக் கொடுத்தது. கதவுக்குப் பூட்டுப் போடுவதோடு, பூட்டையும் யாரேனும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அத்தை

கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் என் அன்னையார் விடவில்லை.

தாள் கைக்கு வந்த நாள் மாலை, நான் மகிழ்ச்சியாகச் சொன்னேன், "வேலை முடிஞ்சுதும்மா." அன்னையார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நம்ம கூடவே வரிசையில நின்னாங்களே பக்கத்து வீட்டு அத்தை, அவங்களுது எப்பப்பா வரும்?"

அத்தைக்கும் எங்களுக்கும் ஒரே வழக்கு. அவர் கணவரும் சுரங்கத்தில் உழைத்தவர். அவருக்கு அந்தத் தாள் வர ஐந்து மாதம் ஆயிற்று. அவரிடம் ஐந்நூறு ரூபாய் இல்லை. கேட்க மகனும் இல்லை. அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. என் ஐந்நூறு ரூபாய் எங்கள் தாளை மேலே எடுத்து வைத்தது. அப்படி வைத்தபோது அத்தையின் தாள் ஒரு படி கீழே போயிற்று. 'நாளே பா' என்று அவரிடம் சொன்ன குரலில் என் குரலும் கலந்திருந்தது.

இரண்டாம் முறை வேறொரு சான்றிதழுக்காகப் போனபோது, அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். இருவருக்கும் விண்ணப்பம் எழுதி, ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்கினேன். கெடு தாண்டியதும் பத்து ரூபாயில் ஒரு தகவல் மனு போட்டேன். இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் இருவருடைய தாளும் ஒரே நாளில் வந்தன. உள்ளே இருந்த ஓர் இளைய எழுத்தர், எங்கள் தமிழையும் தம் கன்னடத்தையும் கலந்து, ஒரு காசும் வாங்காமல் அதை முடித்துக் கொடுத்தார் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். நேர்மையானவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் துணை நிற்பதில்லை என்பதுதான் குறை.

தங்க வயலைச் சுற்றி இன்று மலை போல நிற்கும் சயனைடு மண் மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் இருக்கிறது. அதில் இன்னும் தங்கம் உண்டு என்கிறார்கள். 13 மேடுகளை ஏலத்தில் விட மத்திய அரசு செய்த முன்மொழிவுக்கு 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. காற்றடித்தால் அந்த மண் பறந்து வந்து விழுவது லைன் வீடுகளின் சோற்றுத் தட்டில். அந்த மண்ணுக்கு யார் விலை வைப்பார், எந்தக் கையெழுத்தில் அது போகும், ஊர்க்காரருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று கேட்கும் உரிமை அந்தத் தட்டில் சாப்பிட்டவர்களுக்கு இருக்கிறது. ஊரைவிட்டு வந்து, மூன்று மொழியும் அறிந்து, சங்கம் வைத்து வாழும் நமக்கு அந்தக் கேள்வியை எழுதிக் கொடுக்கும் கடமையும் இருக்கிறது.

ஊரில் யாருக்கேனும் விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமென்றால், டீக்கடை ஓரம் நிற்பவருக்கு முன்னால் நாம் போய் நிற்போம். அத்தைக்கு ஐந்து மாதம் ஆனது போதும்.